தலைதீபாவளியன்று சென்னைக்குச் சொருகிய சிடி

கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத மாப்பிள்ளையின் கையில் லேப்டாப்பைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தே தீர வேண்டுமென்றால், அவனைச் சுற்றி மாமனார் வீட்டார் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க அனுமதிக்கக் கூடாது. இதற்கெல்லாம் சட்டம் இல்லாத நாட்டில்தான் நான் என் தலைதீபாவளியைக் கொண்டாடினேன்.

அப்போது எனக்கு உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது. (இப்போது நிறைய இருக்கிறது. வருடாவருடம் கூடிக்கொண்டே போகிறது.) வீடு திருக்கோகர்ணத்தில். வேலை சென்னையில் இருந்த ஒரு சின்ன நிறுவனத்துக்கு, வீட்டிலிருந்தபடியே. ஆம்னி பஸ்காரர்களின் டிக்கெட் முன்பதிவு எங்கள் சர்வர்களில் ஓடும். நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாத முடிவில்தான் என்னை வைத்துக்கொள்வதா, வழியனுப்புவதா என்று எங்கள் மேலாளர் கல்பனா மேடம் முடிவு செய்வார். இந்த நிலைமையில் இருப்பவன் பண்டிகை நாளில் போனை அணைத்து வைத்துவிட்டு அதிரசம் தின்ன வேண்டும். நான் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

மாமனார் வீடு ஆலங்குடியைத் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில். தீபாவளியன்று காலை எண்ணெய்க் குளியல் முடிந்து, புது வேட்டி சட்டையில், பத்தாவது இட்லியோடு போராடிக்கொண்டிருந்தபோது மேடம் கூப்பிட்டார்.

"ஸாரிப்பா, நல்ல நாளும் அதுவுமா. நம்ம பஸ் கம்பெனி சர்வர் ரெண்டு நாளா நின்னு நின்னு போகுது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்பெஷல் பஸ் டிக்கெட் திறக்கிறாங்க. ஊருக்குப் போனவங்க மொத்தப் பேரும் அப்ப வந்து விழுவாங்க. அதுக்குள்ள மெஷினைத் துடைச்சுட்டுப் புதுசா எல்லாத்தையும் போட்டாகணும். மத்தியானம் கூட்டம் இருக்காது, அப்பவே செஞ்சிடலாம். யாராவது ஒருத்தர்…"

"நான் செய்றேன் மேடம்" என்றேன். அவர் வாக்கியத்தை முடிக்கக்கூட நான் விடவில்லை.

ஏனென்றால் எதிரே என் மச்சான் சரவணன் உட்கார்ந்திருந்தார். என் மனைவி கயலின் அண்ணன். துபாயில் வேலை. லீவு முடிந்து மறுநாள் இரவு சென்னையில் விமானம் ஏற வேண்டும். ரயிலில் இடமில்லை, பஸ்ஸிலும் இடமில்லை. ஐந்து மணிக்கு டிக்கெட் திறக்கும் அதே ஸ்பெஷல் பஸ்ஸைத்தான் அவரும் நம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் தாமதமாகப் போய் இறங்கினாலும் அந்த முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவான் என்று முந்தின நாள்தான் கவலையோடு சொல்லியிருந்தார். "அது நம்ம சர்வர்தான் மச்சான். நான் பாத்துக்கிறேன்" என்று நானும் அப்போதே அள்ளி விட்டிருந்தேன்.

"என்ன மாப்ள, ஆபீஸா?" என்றார்.

"ஆமா மச்சான். மெட்ராஸ்ல இருக்க சர்வருக்கு ஒரு சிடி போடணும்."

"அதுக்கு மெட்ராஸ் போகணுமே?"

"எதுக்கு? இங்கிருந்தே போடுவேன்" என்றேன். இட்லியை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அந்தச் சாய்வை இன்று நினைத்தாலும் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் அலட்டியது தப்பு. ஆனால் அலட்டிய பொருள் நிஜமாகவே அற்புதம். இன்றைக்கும் எனக்கு அதன் மேல் மரியாதை குறையவில்லை. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர் தனியாக உட்கார்ந்திருக்கும். பெரியது செத்துக் கிடந்தாலும் குட்டி விழித்திருக்கும். அதனோடு பேச ஒரு சின்ன நிரல் உண்டு. படம் கிடையாது, பட்டன் கிடையாது. கருப்புத் திரையில் ஒரு வரி தட்ட வேண்டும், அவ்வளவுதான். 'இந்த ஃபைலை ஒரு சிடியாக நினைத்துக்கொள்' என்று அந்த வரியில் சொன்னால், முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் பூட்டிய அறைக்குள், சிடி டிரைவே இல்லாத ஒரு மெஷின், தன் வயிற்றுக்குள் சிடி விழுந்துவிட்டதாக மனதார நம்பும். நம்பி, அதிலிருந்து எழுந்து, தன்னைத்தானே புதிதாக அமைத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த ஆளை நேரில் பார்த்தால் நான் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

மேடம் போனில் வழிமுறை சொன்னார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். (எனக்குக் காது கேட்காமல் இல்லை. நாலு பேர் கேட்கட்டும் என்றுதான்.)

"கவனமா கேளு. இன்ஸ்டால் ஃபைல் நம்ம ஆபீஸ் ஸ்டோரேஜ்லயே ஒரு காப்பி இருக்கு. அதோட பாதை சொல்றேன், எழுதிக்கோ. சர்வருக்கு அந்தப் பாதையைக் கொடுத்துடு. உன் லேப்டாப்புல இருக்கறதை மாட்டாதே, என்ன?"

"தெரியும் மேடம்" என்றேன்.

அவர் பாதையை, அதாவது ஃபைல் இருக்கும் இடத்தின் முகவரியைச் சொன்னார். சாய்கோடு, புள்ளி, எண்கள் என்று அது வளர்ந்துகொண்டே போனது. நான் எழுதவில்லை. "மண்டையில ஏறிடுச்சு மேடம்" என்றேன். கதவோரம் நின்ற கயல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கைக்கு அகப்பட்ட கம்பி மத்தாப்புப் பெட்டியின் பின்புறத்தில் என்னவோ கிறுக்கினாள். அவள் புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். போனில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் எழுதி, திருப்பிப் படித்துச் சரிபார்ப்பது அவள் கைப்பழக்கம். 'இதென்ன, மாதிரி எடுக்கும் ட்யூப் என்று நினைத்தாளா' என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

பன்னிரண்டரை மணிக்கு ஹாலில் கச்சேரி ஆரம்பமானது. மாமனார் மர நாற்காலியில். மச்சான் தரையில். அடுப்படி வாசலில் மாமியார், பாதி உடல் கதவுக்குப் பின்னால்.

மாமியாரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை. கோபமெல்லாம் இல்லை. அந்த வீட்டு வழக்கம் அது. புது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து மாமியார் பேசுவது மட்டு மரியாதை இல்லை. எதுவானாலும் கயல் வழியாகத்தான் வரும். நான் நாலடி தூரத்தில் நிற்கும்போதே, "ஏத்தா கயலு, மாப்ளைக்கு காப்பியா டீயான்னு கேளு" என்பார். "காப்பி" என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்தாலும், கயல் திரும்பச் சொன்ன பிறகுதான் பாலை அடுப்பில் வைப்பார். மற்றபடி முந்திரி உடைக்கும் கொட்டகையில் முப்பது பேரை ஒற்றைக் குரலில் கட்டி மேய்க்கிறவர் அவர்.

இப்போது கேளுங்கள் என் மேதாவித்தனத்தை. மேடம் சொன்ன பாதையை நான் மறந்திருந்தேன். கயலைக் கேட்டிருக்கலாம். கேட்டால் மண்டையில் ஏறவில்லை என்பது வெளிப்பட்டுவிடும். என் லேப்டாப்பில்தான் அதே ஃபைல் இருக்கிறதே, எதிலிருந்து கொடுத்தால் என்ன என்று முடிவு செய்தேன். அதிலே இன்னொரு வசதி, இங்கிருந்து அனுப்பினால் எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அது நன்றாக இருக்கும். ஒரு கம்பெனியின் தலையெழுத்தை நான் இந்த அடிப்படையில்தான் தீர்மானித்தேன்.

வரியைத் தட்டினேன். விரலை ஒரு முழம் உயரத்திலிருந்து இறக்கி என்டரை அடித்தேன். 'இணைக்கப்பட்டது' என்று திரை சொன்னது. இன்னொரு வரியில் சர்வரை அணைத்து, மறுபடி எழுப்பினேன். அது எழுந்தது, சிடியைக் கண்டது, தன் பழைய உள்ளடக்கத்தையெல்லாம் சமர்த்தாகத் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தது. பயணிகள் விவரம் மட்டும் வேறொரு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. எண் ஓட ஆரம்பித்தது.

"போயிருச்சா மாப்ள?" என்றார் மச்சான்.

"சிடி உள்ள போயிருச்சு மச்சான். இனிமே அதுவே பாத்துக்கும்."

மாமனார் பேசுவதே அபூர்வம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மெட்ராஸ்ல இருக்க மிசினு, இங்கன இருக்க ஆளு சொல்றத கேக்குது" என்றார். என் வாழ்க்கையில் அதுவரை கிடைத்த பட்டங்களையெல்லாம் விட அது பெரிதாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாப்பிடப் போனேன்.

தலைதீபாவளி விருந்து. தலைவாழை இலை, ஆட்டுக்கறிக் குழம்பு, நாட்டுக்கோழி வறுவல், ஈரல் தனியாக. நான் போதும் என்று கையை இலைக்கு மேல் விரித்தால், விரல் இடுக்கு வழியாகக் கறியை வைத்தார்கள். இரண்டாவது முறை சோறு விழுந்தபோது வானம் இருட்டியது. மூன்றாவது முறை விழுந்தபோது, வீட்டுக் கூரையே அதிரும்படி ஓர் இடி.

எங்கள் பக்கத்தில் இடி இடித்தால் அடுத்த வேலை என்ன என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் உள்ள எல்லா ப்ளக்கையும் பிடுங்க வேண்டும். டிவி, மிக்சி, பிரிட்ஜ், கேபிள் வயர் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. முன்பொரு முறை அந்த வீட்டுத் தென்னையில் இடி இறங்கி, டிவியும் மோட்டாரும் ஒரே நாளில் கருகியிருக்கின்றன. அதனால் அடுத்த மின்னல் வெட்டுவதற்குள் மாமியார் வீட்டை ஒரு சுற்று வந்துவிடுவார். எனக்கும் அவர் கொலுசுச் சத்தம் ஹால் பக்கம் போய் வந்தது கேட்டது. நான் ஈரலில் கவனமாக இருந்தேன்.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. கல்பனா மேடம். வலது கை எச்சில். இடது கையால் எடுத்து, ஸ்பீக்கரைத் தட்டி, இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னப்பா, சர்வர் பாதியில நிக்குதே? சிடியைக் காணோம்னு என் போனுக்கு மெசேஜ் வருது."

எனக்கு எதுவும் புரியவில்லை. புரியாதபோது மனிதன் சும்மா இருக்கலாம். நான் இருக்கவில்லை. "இங்க எல்லாம் பக்காவா இருக்கு மேடம். உங்க பக்கம் ஏதோ நெட்வொர்க் பிரச்சினை. சென்னையில பாருங்க" என்றேன்.

"அப்படியா? உன் திரையில என்ன காட்டுதுன்னு சொல்லேன்."

"இருங்க மேடம்" என்று எச்சில் கையோடு எழுந்து, போனை இடது கையில் ஏந்தியபடி ஹாலுக்கு வந்தேன். ஸ்டூலின் மேல் லேப்டாப் மூடி இருந்தது. அதன் மேல் தீபாவளிக்கு வாங்கிய புதுத் துண்டு ஒன்று பாந்தமாகப் போர்த்தப்பட்டிருந்தது. சுவரில் மோடம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"கயலு, மோடம் எங்க?"

கயல் அடுப்படியைப் பார்த்தாள். அடுப்படிக் கதவு மாமியாரைப் பார்த்தது. மாமியார் பீரோவைத் திறந்தார். பட்டுச் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சப் பை வந்தது. அதற்குள் மோடம். வயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, லேப்டாப் சார்ஜரையும் கூடவே வைத்திருந்தார்.

விஷயம் அப்போதுதான் உறைத்தது. சிடி சென்னைக்குப் போகவே இல்லை. அது கடைசி வரை என் லேப்டாப்பில்தான் இருந்தது. அந்த ஸ்டூலிலிருந்து பிடி பிடியாக அள்ளி அள்ளி அனுப்பிக்கொண்டிருந்தேன். அனுப்பிய வழியை அடைத்ததும், பழசைத் துடைத்துவிட்டுப் புதுசைப் பாதி வாங்கிய நிலையில் சர்வர் நடுத்தெருவில் நின்றுவிட்டது. லேப்டாப்பிலிருந்து கொடுக்காதே என்று மேடம் சொன்னதன் அர்த்தம் எனக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு விளங்கியது.

"ஹலோ? என்னப்பா ஆச்சு?" போன் கேட்டது.

நான் வாயைத் திறந்தேன். என்னென்னவோ பொய்கள் வரிசையில் நின்றன. அதற்கு முன்னால் இன்னொரு குரல் வந்தது. மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹாலுக்கு நடுவில் வந்து நின்றார். என்னை நேருக்கு நேர் பார்த்தார்.

"மாப்ள, நாந்தான் புடுங்குனேன்."

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. பிறகு போனைப் பார்த்துக் குனிந்து, கொட்டகையில் பேசுகிற குரலில் தொடர்ந்தார்.

"ஏங்க மேடம், மாப்ளையச் சத்தம் போடாதீங்க. அவுக எலையில இருந்தாங்க. கேக்கலாம்னுதான் நெனச்சேன். சாப்புடுற மாப்ளைய எப்புடிங்க கேக்குறது? இடி தலைக்கு மேல இடிக்குது. வீட்டுலயே வெல கூடுன சாமான் அதுதானேன்னு அதத்தான் மொதல்ல புடுங்குனேன். தப்பு என்னோடதுங்க."

சென்னைக்குப் பழியைத் தள்ளிவிட்ட நான், கையில் காய்ந்துகொண்டிருந்த குழம்போடு நின்றேன். படித்தவன் நான். சொல்லியும் கேட்காதவன் நான். முழுசாக இரண்டு நிமிடம்கூட யோசிக்காமல் அந்த அம்மாள் தப்பைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த நிமிடத்தில் எனக்கு அவர் மேல் வந்த மரியாதையும் என் மேல் வந்த கூச்சமும் இன்று வரை போகவில்லை.

போனில் மேடம் சிரித்தார். "நீங்க செஞ்சது சரிம்மா. இடி விழுந்திருந்தா லேப்டாப்பே போயிருக்கும். லேப்டாப்புலேர்ந்து கொடுக்காதேன்னு நான் யாருக்குச் சொன்னேனோ, அவர்கிட்டதான் பேசணும்."

"மேடம்…" என்றேன்.

"அப்புறம் பேசிக்கலாம். நான் கார்ல அம்மா வீட்டுக்குப் போயிட்டிருக்கேன், லேப்டாப் எங்கிட்ட இல்ல. ஆபீஸ்ல காவலாளியைத் தவிர யாருமில்ல. அஞ்சு மணிக்கு டிக்கெட் திறந்தாகணும். நீதான் செய்யணும். முடியுமா?"

"முடியும் மேடம்" என்றேன். இந்த முறை குரல் தரையிலிருந்து வந்தது.

மோடத்தைத் திரும்ப மாட்டினால் சிவப்பு விளக்குதான் எரிந்தது. மழையில் வெளியே எங்கோ கேபிள் போயிருந்தது. அடுத்த ஐந்தாவது நிமிடம் கரண்டும் போனது. மீதி இருந்தது லேப்டாப் பேட்டரியும் போன் சிக்னலும். அந்த வீட்டில் போனில் பேசலாம், ஆனால் நெட் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில். மாடிப்படி முடிகிற இடத்தில், மொட்டை மாடிக் கதவுக்கு முன்னால், ஓர் ஆள் நிற்கத்தக்க சின்னக் கூரை.

அந்த ஓர் ஆள் இடத்தில் ஐந்து பேர் ஏறினோம். நான் மேல்படியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மடியில் லேப்டாப். மச்சான் என் போனைக் கூரையின் ஓரத்துக்கு நீட்டிப் பிடித்தார். அந்தக் கை நனையாமல் மாமனார் குடை பிடித்தார். இரண்டு படி கீழே கயல். அதற்கும் கீழே மாமியார், "இடி அடங்கிருச்சுங்க… இல்ல, தூரத்துல கேக்குது… மாப்ளைய உள்ள தள்ளி ஒக்காரச் சொல்லு" என்று வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுபடி அதே லேப்டாப் ஃபைலை மாட்டினேன். (திருந்துவதற்கு எனக்கு எப்போதும் இரண்டு அடி தேவைப்படும்.) எண் ஓடவில்லை, தவழ்ந்தது. கால் மணி நேரத்தில் ஒரு சதவீதம். அந்தக் கணக்கில் போனால் அடுத்த பொங்கலுக்குத்தான் டிக்கெட் திறக்கும்.

மச்சான் போனைப் பிடித்திருந்த கையை மட்டும் மாற்றினார். கட்டிக் கயிறு சுற்றி, மேலே பெயர் எழுதிய அவர் பெட்டி வாசலில் நின்றது படியிலிருந்தே தெரிந்தது. என் வாய்ச்சவடாலை நம்பித்தான் அவர் வேறு வண்டி ஏற்பாடு செய்யவில்லை. அந்தப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது கயல் கேட்டாள். "ஏங்க, அந்த சிடி மெட்ராஸ்லயே ஒண்ணு இருக்குன்னு மேடம் சொன்னாங்கல்ல? அங்கன இருக்கறத அந்த மிசினையே எடுத்துக்கச் சொன்னா என்ன? நீங்க எதுக்கு இங்கேருந்து சுமக்கணும்?"

"அதோட பாதை…" என்றேன்.

"மறந்துட்டீங்க."

"மறந்துட்டேன்."

ஐந்து மாதக் கல்யாண வாழ்க்கையில் நான் அவளிடம் ஒப்புக்கொண்ட முதல் தவறு அது. அவள் அதைக் கொண்டாடவில்லை. திரும்பி, "ஆத்தா, வெயில்ல காயப்போட்டமே மத்தாப்புப் பெட்டி, அத யாரு எடுத்தா?" என்றாள்.

குடையைப் பிடித்தபடியே மாமனார் சொன்னார். "மழைக்கு முன்னயே அள்ளிட்டேன். நெல்லு மூட்டைக்கு மேல இருக்கு."

மாமியார் ஓடினார். அவர் வயதுக்கு அந்த ஓட்டம் அதிகம். திரும்பி வந்தபோது கையில் மூன்று பெட்டிகள். மூன்றாவதின் பின்புறத்தில், கயலின் நேர்த்தியான சின்ன எழுத்தில், அந்தப் பாதை முழுசாக இருந்தது. ஒவ்வொரு சாய்கோடும் ஒவ்வொரு புள்ளியும் இருந்தது. கீழே, 'லேப்டாப்பில் இருந்து கூடாது' என்று எழுதி இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள்.

அவள் படிக்கப் படிக்க நான் தட்டினேன். தட்டி முடித்ததும் என்டரை அடிக்கப் போன என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இருங்க. நீங்க திருப்பிப் படிங்க. நான் பாக்குறேன்." படித்தேன். நடுவில் ஓர் எண் மாறியிருந்தது. திருத்தினேன். பிறகுதான் என் கையை விட்டாள்.

என்டர். இந்த முறை விரலை உயரத்திலிருந்தெல்லாம் இறக்கவில்லை.

சிக்னல் ஒரே ஒரு கோடு. ஆனால் அந்த ஒற்றை வரி போவதற்கு அது போதும். இங்கிருந்து போனது வெறும் சொல்தான். சர்வர் அதைக் கேட்டு, பக்கத்து அலமாரியில் இருந்த ஸ்டோரேஜிலிருந்து தானே ஃபைலை எடுத்துத் தன் வயிற்றில் போட்டுக்கொண்டது. 'இணைக்கப்பட்டது' என்று திரை சொன்னது. இன்னொரு வரியில் சர்வரை எழுப்பினேன். அதன் பிறகு என் லேப்டாப் கிணற்றில் விழுந்தாலும் அதற்குக் கவலையில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் 'எதுவரை வந்திருக்கிறாய்' என்று ஒரு வரி கேட்போம். அது சுருக்கமாகப் பதில் சொல்லும். அந்தக் கருப்புத் திரைப் பதில்களை அந்தக் குடும்பம் கிரிக்கெட் ஸ்கோர் போலக் கேட்டது. படியிலேயே மாமியார் எனக்கு ஒரு தம்ளரில் பாயசம் கொடுத்தார். கயலிடம் கொடுத்து அனுப்பவில்லை. அவரே நீட்டினார்.

நாலு ஐம்பதுக்கு மேடம் கூப்பிட்டார். "வந்துடுச்சுப்பா. நான் இப்ப அம்மா வீட்டு கம்ப்யூட்டர்ல பாக்கறேன். எல்லாம் சரியா இருக்கு. சிடியை கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன் மேடம்."

"கழட்டினதுக்கு ஒரு வரி வருமே, அதைப் படி."

நான் திரையைப் பார்த்துப் படித்தேன். கீழ்ப்படியிலிருந்து கயல் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். பாதை மத்தாப்புப் பெட்டியிலிருந்து கிடைத்த கதையையும் சொல்லிவிட்டேன். மேடம் சொன்னார், "மத்தாப்புப் பெட்டியில எழுதினது உன் வீட்டுக்காரம்மாதானே? உன் வேலையை நிரந்தரம் பண்ணிடலாம். ஆனா எனக்கு அவங்களோட பயோடேட்டாவையும் அனுப்பு."

ஐந்து மணிக்கு டிக்கெட் திறந்தது. ஐந்து ஒன்றுக்கு மச்சானுக்குக் கடைசி வரிசையில், நடு இருக்கை, சாய்க்கவே முடியாதது கிடைத்தது. அவர் அதை விமானத்தின் முதல் வகுப்பு மாதிரி எல்லோரிடமும் காட்டினார். மறுநாள் விமானம் ஏறினார். வேலையும் தப்பியது. இன்றும் துபாயிலிருந்து யாருக்காவது என்னை அறிமுகம் செய்தால், "எங்க மாப்ள ஈரல் திங்கிற நேரத்துல ஒரு பஸ் கம்பெனியையே நிறுத்திப்புட்டாரு" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

அந்த மத்தாப்புப் பெட்டி எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. கயல் வேலைக்கு மனுப் போடவில்லை. ரத்த மாதிரிகள்தான் தனக்குப் பிடிக்கும், அவை தெரியாததைத் தெரியும் என்று சொல்வதில்லை என்றாள். நான் இப்போது அதே நிறுவனத்தில் எட்டுப் பேருக்குத் தலைவன். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே ஒரு விதி சொல்கிறேன். என்டரை அடிக்குமுன் பக்கத்தில் இருப்பவருக்குத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். இது யார் போட்ட விதி என்று அவர்கள் கேட்டால், ஆலங்குடிப் பக்கம் ஒரு பெரிய நிபுணர் என்கிறேன்.

மாமியாரோ அன்றோடு கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டார். இப்போது என்னிடம்தான் நேராகப் பேசுகிறார், மகளிடம் பேசுவதைவிட அதிகமாக. வடக்கே வானம் கொஞ்சம் கறுத்தால் போதும், திருக்கோகர்ணத்தில் என் போன் அடிக்கும்.

"மாப்ள, இங்கிட்டு இடி இடிக்குது. மெட்ராஸ்ல ஏதும் சிடி சொருகி வச்சிருக்கீங்களா? மிக்சி ப்ளக்கப் புடுங்கலாமா?"

அவர் வீட்டு மிக்சிக்கும் என் சர்வருக்கும் சம்பந்தம் இல்லை என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர் சிரிப்பதில்லை. கேட்காமல் பிடுங்கியது ஒருமுறை போதும் என்பது அவர் கட்சி. நானும் உடனே பதில் சொல்வதில்லை. ஒருமுறை என் திரையைப் பார்க்கிறேன். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சரிபார்க்கிறேன். பிறகுதான் சொல்கிறேன்.

"புடுங்கலாம் அத்தை. சிடி மெட்ராஸ்லயேதான் இருக்கு."